அக்காவின் இருட்டுப் படம்

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் அக்காவுக்கு ஒரு நல்ல படம்கூட இல்லை என்பது, அவள் இறந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. கல்யாணப் படங்களை அவள் புருஷன் விட்டுப் போன வருஷமே தானே கிழித்துப் போட்டிருந்தாள்.

நான் அப்போது வடமாலபேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் திருப்பதிக்குப் போய், ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். டிஜிட்டல் கேமரா வந்து கொஞ்ச காலமே ஆகியிருந்தது. எனக்குக் கொடுத்த மானிட்டர் பழையது. எல்லாப் படத்தையும் பளிச்சென்று காட்டும். அதை நம்பி நான் பிரிண்டுக்கு அனுப்பிய கல்யாண ஆல்பம் ஒன்று கறுத்துப்போய் வந்தது. பெண் வீட்டார் கடை வாசலில் நின்று தெலுங்கில் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. அதன் பிறகு நான் கண்ணை நம்பவில்லை. படத்தைத் திறந்ததும் ஓரத்தில் இருக்கும் ஹிஸ்டோகிராமைத்தான், படத்தின் வெளிச்சத்தை ஒரு மேடாக வரைந்து காட்டும் கட்டத்தைத்தான் பார்ப்பேன். இடப்பக்கம் கறுப்பு, வலப்பக்கம் வெள்ளை. மேடு இடது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அங்கே வெறும் கறுப்புதான், எதையும் மீட்க முடியாது. ஓரத்துக்கும் மேட்டுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால், இருட்டுக்குள் இன்னும் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா உயிரோடிருந்தபோது, லீவில் வந்த ஊர்க்காரர் ஒருவரிடம் மெமரி கார்டில் ஒரு படம் கொடுத்தனுப்பினாள். மூக்கும் ஒரு பக்கக் கன்னமும் மட்டும் தெரிந்தன, மற்றதெல்லாம் இருட்டு. வெள்ளிக்கிழமை அவள் போன் செய்தபோது சலித்துக்கொண்டேன்.

"இன்னாக்கா, ஒரே இருட்டா கீது. வெளிய வெளிச்சத்துல நின்னு எடுக்கக் கூடாதா?"

"வெளிய எங்கமே உடறாங்க?" என்று சிரித்தாள். "எனக்கு இன்னா குறை? தனி ரூமு, ஏசி. பாப்பா சரியா துன்றாளா, அதச் சொல்லு."

பாப்பா அவள் மகள். அப்போது ஒன்றாம் வகுப்பு, எங்களோடுதான் இருந்தாள். நான் அந்தப் படத்தை ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

ஏழெட்டு மாதம் கழித்து, நெஞ்சுவலி என்று சொல்லி உடலை அனுப்பினார்கள். காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். அந்த ஒரே படத்தைத் திறந்தேன். மேடு முழுக்க இடப்பக்கமே குவிந்திருந்தது. ஆனால் ஓரத்தைத் தொடவில்லை, மயிரிழை இடைவெளி இருந்தது. இருட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாக அக்காவின் முகம் வந்தது. இன்னும் தூக்கினேன். அவளுக்குப் பின்னால் கேஸ் அடுப்பு வந்தது. சமையல் மேடைக்கு அடியில் சுருட்டி வைத்த பாய், அதன் மேல் தலையணை, பக்கத்தில் அவள் ஊரிலிருந்து கொண்டுபோன பை.

ஃபிரேம் வாங்க என்னோடு வந்திருந்த அம்மா பின்னால் நின்றதை நான் மறந்துவிட்டேன்.

"அது இன்னாமே, சுருட்டி வெச்சிகீது?"

"பாயிம்மா."

"அங்கயேதான் படுத்துக்கினு இருந்தாளா?"

அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு திரையையே பார்த்தாள். பிறகு சொன்னாள், "அத்தெல்லாம் எடுத்துடு. பாப்பா பாக்க வேணாம்."

எடுத்துவிட்டேன். அக்காவைச் சுற்றி வெட்டி, பின்னால் நீலம் போட்டேன். காரியத்துக்கு வந்தவர்கள் எல்லாரும், அங்கே போய் நன்றாகத்தான் இருந்திருக்கிறாள் என்றார்கள். அம்மா தலையாட்டினாள்.

இருட்டைத் தூக்கிய அந்த முழுப் படத்தின் ஃபைலை நான் அழிக்கவில்லை. வேலை மாறியபோதும் சி.டி.யில் போட்டு எடுத்துக்கொண்டேன். பாப்பா வளர்ந்து, ரேணிகுண்டா பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த அக்காவின் படத்தைக் காட்டி அவளே கேட்டாள்.

"சின்னம்மா, இந்த நீலத்துக்குப் பின்னால இன்னா இருந்துச்சி?"

அம்மா இறந்து ஒரு வருஷமாகியிருந்தது. இனி யாருக்காக மறைப்பது? திறந்து காட்டினேன். பாயைப் பார்த்து அழுவாள் என்று நினைத்தேன். அவள் பாயைப் பார்க்கவே இல்லை. அடுப்புக்கு மேலே சுவர் டைல்ஸில் ஒட்டியிருந்த ஒரு சின்னச் சதுரத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள்.

"நான்தான். ஸ்கூல்ல எடுத்த போட்டோ. ரெட்ட ஜடை."

இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததே இல்லை. பாய் ஒன்றுதான் என் கண்ணில் பட்டிருந்தது. அம்மாவும் நானும் சேர்ந்து அதையும் வெட்டி எறிந்திருக்கிறோம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"இப்டியே பிரிண்டு போட்டுக் குடு சின்னம்மா," என்றாள். "ஒண்ணும் எடுக்காத."