ஒரே இணைப்பு, இரண்டு வீடு

மொட்டைமாடிச் சுவரில் குப்புறச் சாய்ந்து நீல நிற நெட்வொர்க் வயரை நான் அந்தப் பக்கம் இறக்க, கீழே நின்ற பக்கத்து வீட்டு அக்கா எம்பிப் பிடித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அரிமளத்தில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு வந்த புதிது. அவர் வீட்டில் ஒன்றை வாங்கி, அதையே என் வீட்டுக்கும் இழுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருந்தோம். இருவருமே கணக்கு டீச்சர்கள். ஒன்றாக வேலை பார்த்த பள்ளி மூடப்பட்டபின், வீட்டிலிருந்தே ஆன்லைனில் டியூஷன் எடுத்துவந்தோம். அக்காவுக்குக் கணவர் இல்லை. மகளைத் தனியாகப் படிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

வயருக்குள் இருந்த மெல்லிய கம்பிகளை நிறம் பார்த்து வரிசைப்படுத்திச் சொருகுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. இரண்டு தடவை தப்பாகி, மறுபடி நறுக்கிச் சொருகினேன். என் பழைய ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்ததும், "வந்துருச்சாடி?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா கத்தினார். "ஒங்க ரவுட்டர் செட்டிங்ஸ் பாஸ்வேர்டை நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றேன். "நமக்குள்ள என்னடி ஒளிவு மறைவு? ஒனக்கும் தெரியட்டும்" என்று என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். எந்தக் கருவி யாருடையது என்று குறிக்கும் இடத்தில், என் லேப்டாப்புக்குத் 'தங்கச்சி' என்று பெயர் கொடுத்தார். போனுக்கும் அதே பெயர்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று நிரந்தர வேலைக்கு ஆள் கேட்டது. இடம் ஒன்றுதான். அக்காவிடம் அதைச் சொன்னதே நான்தான். முதல் சுற்றில் இருவரும் தேறினோம். "யாருக்குக் கெடைச்சாலும் சந்தோசந்தான்டி" என்றார். மாதிரி வகுப்பு அவருக்குக் காலையில், எனக்கு மதியத்தில். பின்னங்களை விளக்கிக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்தது. போனிலும் வைஃபை இல்லை. சுவரோரம் ஓடி, "அக்கா, நெட் வருதா?" என்று கேட்டேன். "இங்கயும் இல்லடி, லைனே போயிருச்சு போல" என்றார். வீட்டுக்குள் சிக்னல் நிற்காது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, போன் நெட்டில் மறுபடி சேர்ந்தபோது தேர்வு செய்பவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த என் கணவர் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். "நெட்டு நல்லாத்தானே ஓடுது?" என்றார். என் லேப்டாப்பில் அப்போதும் வரவில்லை. அவர் போனை வாங்கி, அக்கா வீட்டு ரவுட்டரின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். தடுக்கப்பட்ட கருவிகள் என்ற இடத்தில் 'தங்கச்சி' என்று இரண்டு முறை இருந்தது. அந்த அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் அக்காவும் நானும் மட்டுமே.

போனோடு அக்கா வீட்டுக்குப் போனேன். திரையை ஒரு தரம் பார்த்தார்; மறுக்கவில்லை. "ஒனக்கு வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு. நீ இன்னொரு வேலை புடிச்சிருவ. எனக்கு யாருடி இருக்கா?" என்றார். விட்டுக்கொடுங்கள் என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். நான் பதறிக்கொண்டு சுவரோரம் நின்றபோது, சொந்தக் குரலில் அவ்வளவு இயல்பாகப் பொய் சொன்னாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மாடிக்குப் போய் வயரை இழுத்தேன். வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று தளர்ந்து, லேசாகக் கைக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவரே கழற்றி விட்டிருந்தார்.

வேலை அவருக்குத்தான் கிடைத்தது. பிறகு எனக்கும் வேறொரு இடத்தில் கிடைத்தது. தனி இணைப்பும் வாங்கிவிட்டேன். தெருவில் எதிர்ப்பட்டால் இப்போதும் நான் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறேன். வேறு சொல் வாயில் வருவதில்லை. அவர்தான் 'டி' போடுவதை விட்டுவிட்டார். "நல்லாருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் கடந்துபோகிறார்.