ஊதச் சொல்லும் உத்தியோகம்

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேரைப் பார்த்து "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க" என்று கத்துவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு நெஞ்சு மருத்துவமனை. நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது, எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று அளக்கும் மிஷின் என் பொறுப்பில் இருக்கிறது. மூக்கில் கிளிப்பை மாட்டி, அட்டைக் குழாயை வாயில் கவ்வ வைத்து, மூச்சை முட்ட இழுக்கச் சொல்லி, ஒரே மூச்சாக ஆறு நொடி ஊத வைப்பேன். உங்களில் யாராவது ஊதியிருந்தால் தெரியும், நாலாவது நொடியில் என் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள். நன்றாக மூச்சு விடுகிறவர்கள் என்னிடம் வருவதே அபூர்வம். அதனால் இங்கே சிரிப்பை ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம்.

அடுப்படிப் பழக்கம்

வாழப்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். "வேகமா ஊதுங்கம்மா" என்றால் உதட்டைக் குவித்து, மெதுவாக, சீராக ஊதுகிறார். திரையில் கோடு எழும்பவே இல்லை. முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கியம். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

ஐந்து தடவை ஆயிற்று. எனக்குப் பொறுமை கிடையாது. "காலையில சாப்பிட்டீங்களா இல்லையா? இவ்வளவுதானா பலம்?" என்று கேட்டே விட்டேன். கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அந்த அம்மா கோபப்படவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஈர விறகோடு மல்லுக்கட்டிய கதையைச் சொல்லிவிட்டு, எனக்கே பாடம் எடுத்தார்.

"வேகமா ஊதுனா சாம்பல் மூஞ்சியில அடிக்கும்மா. மெதுவா ஊதுனாத்தான் நெருப்பு பிடிக்கும்."

பத்து வயது கூட

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு விசைத்தறித் தொழிலாளி. வயது கேட்டேன். "நாப்பத்தஞ்சுங்க" என்றார். தலையில் புதுச் சாயம். இளவயது ஆளைத்தான் பட்டறையில் சேர்க்கிறார்கள் என்பதால் எங்கே போனாலும் அதையே சொல்லிப் பழகிவிட்டார். எங்கள் மிஷினோ வயதையும் உயரத்தையும் வைத்து, இந்த ஆளுக்கு இவ்வளவு மூச்சு இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போடும். வயது ஏற ஏற அந்த எதிர்பார்ப்பு குறையும். நாற்பத்தைந்துக்கு அவர் ஊதியது ரொம்ப மோசம்.

ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தால் ஐம்பத்தைந்து. திருத்திப் போட்டேன். நம்பர் கொஞ்சம் ஏறியது. ஆனாலும் தேறவில்லை, பஞ்சுத் தூசி தன் வேலையைக் காட்டியிருந்தது. அவர் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இன்னும் ஒரு பத்து வயசு கூட்டிப் போட்டா நோவே இல்லீன்னு வந்துருமுங்களா?"

பாதி மூச்சு

ராசு திருச்செங்கோட்டுக்காரர். வயது முப்பத்தெட்டு. போர்வெல் ரிக் வண்டியில் பாறையைத் துளைக்கும் வேலை. வருஷத்தில் பாதி நாள் வடக்கே, மேலே எழும்பும் கல்தூசிக்குள் நின்ற ஆள். இப்போது நாலு படி ஏறினாலே இளைக்கிறது. ஊதி நல்ல ரிப்போர்ட் வாங்கி வந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த வேலை போனால் அவருக்கு வேறு வேலை தெரியாது.

நன்றாக வேகமாகத்தான் ஊதினார். இரண்டே நொடியில் காற்று தீர்ந்துவிட்டது. நுரையீரல் தானாக மூச்சை இழுப்பதில்லை. அதற்குக் கீழே இருக்கும் உதரவிதானம் இறங்க, நெஞ்சுக்கூடு விரிய, காற்று உள்ளே போகிறது. கல்தூசியால் தழும்பேறி இறுகிப்போன நுரையீரல் எவ்வளவு இழுத்தாலும் விரியாது. அவருக்கு இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. இதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ராசு என்னிடமே கேட்டு வாங்கிவிட்டார்.

"பாதி இருக்குதுங்கள்ல சிஸ்டர்? அது போதுமுங்க. நானென்ன ஓட்டப்பந்தயத்துக்கா போறேன்?"

ஆறு சென்டிமீட்டர்

மூன்று வாரம் கழித்து ராசு பேரில் மறுபடியும் சீட்டு வந்தது. மாஸ்க் போட்ட ஆள் உள்ளே வந்தான். உயரம் அளந்தேன். போன தடவையைவிட ஆறு சென்டிமீட்டர் கூட. முப்பத்தெட்டு வயதில் யாரும் வளர்வதில்லை. ஊதுவதற்கு மாஸ்க்கைக் கழற்றியதும் புரிந்துவிட்டது. ராசுவின் அதே மூக்கு, அதே தாடை, வயது மட்டும் பத்துக்குமேல் குறைவு. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் ராசு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியை ஊத வைத்து ரிப்போர்ட் வாங்கப் பார்க்கிறார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. ஊதட்டும், பேப்பர் வரட்டும், அண்ணன் கண்ணெதிரே கிழித்துப் போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். தம்பி ஊதினான். இரண்டு நொடியில் காற்று தீர்ந்தது. மறுபடி ஊதச் சொன்னேன். மூன்றாவது தடவையும் அதே கோடு. மிஷின்தான் கெட்டுவிட்டதென்று, சரிபார்க்க வைத்திருக்கும் மூன்று லிட்டர் சிரிஞ்சை மாட்டிக் காற்றைத் தள்ளிப் பார்த்தேன். சரியாக மூன்று லிட்டர் காட்டியது.

"நீ என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டேன்.

"அண்ணன்கூட அதே ரிக்குத்தானுங்க, ஆறு வருசமா" என்றான். ராசுவை உள்ளே கூப்பிட்டுப் பேப்பரைக் கொடுத்தேன். அவர் நம்பரைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், மறுபடி பேப்பரின் தலைப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க சிஸ்டர், மேல என்ற பேரு இருக்கறதுனாலதான இப்படி வருது? அவன் பேரைப் போட்டு எடுங்க, நல்லா வரும்."

எடுத்தேன், இந்த உத்தியோகத்தில் நான் தப்பாக அளந்திருக்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டே எடுத்த ஒரே டெஸ்ட் அதுதான், பாழாய்ப்போன மிஷின் அன்றைக்கும் சரியாகவே அளந்தது.