கடற்பசு பார்க்கப் போனோம்

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. அந்தமானில், ஷாதிபூரில் பிறந்து வளர்ந்தவள், கையில் விலங்கியல் பட்டம் வேறு. ஆனால் எங்கள் தீவுகளின் அடையாள விலங்கான கடற்பசுவை ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மேல்படிப்புக்காக மெயின்லாண்டுக்குக் கப்பல் ஏற வேண்டும். இரண்டு வருஷம் திரும்பி வர முடியாது. சென்னையில் யாராவது, "அந்தமானா? கடற்பசு பார்த்திருக்கியா?" என்று கேட்டால், "படத்துல பார்த்திருக்கேன்" என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்தது ஒரே ஒரு சனி, ஞாயிறு.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி என் வகுப்புத் தோழி, வங்காளிப் பெண். அவளுடைய மாமா லாங் ஐலண்டில் மீன் பிடிக்கிறவர். இன்னொருத்தி மதுரைக்காரி. அவள் அப்பாவுக்கு மாற்றலாகி, இரண்டு மாதத்துக்கு முன்புதான் எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்திருந்தாள். அவளையும் கூட்டிப் போகச் சொன்னது அம்மா. "பாவம், அந்தப் புள்ள இன்னும் எதையுமே பாக்கல. நீதான் சுத்திக் காட்டணும்" என்றாள். நானும் பெரிய மனசு பண்ணி ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் லாங் ஐலண்டுக்குப் போட் கிளம்பியது. மேல்தளத்தில் காற்று எங்கள் மூன்று பேர் துப்பட்டாவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. அதற்குச் சிரிக்க ஆரம்பித்தோம், நிறுத்த முடியவில்லை. பறக்கும் மீன் ஒன்று தண்ணீரிலிருந்து எழும்பி விர்ரென்று போனது. மதுரைக்காரி கையிலிருந்த புளியோதரை டப்பாவைக் கீழே போட்டுவிட்டு, "ஏய், மீனு பறக்குதுடி!" என்று கத்தினாள். ஒவ்வொரு மீனுக்கும் அப்படியே கத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெலுங்குக் குடும்பமே கடலை விட்டுவிட்டு இவளை வேடிக்கை பார்த்தது.

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் பெருமையாகவும் இருந்தது. வழிகாட்டி ஆகிவிட்டேன் அல்லவா, பாடம் எடுத்தேன். "இங்க பாரு. தண்ணியில பழுப்பா எது தெரிஞ்சாலும் யோசிக்கக் கூடாது, நின்னு பாக்கக் கூடாது. மகர்னு கத்திட்டுக் கரைக்கு ஓடணும். நாங்க முதலைய அப்படித்தான் சொல்வோம். நாங்கள்லாம் நடக்கப் பழகும்போதே இதையும் பழகிட்டோம்." வங்காளித் தோழியும், "சஹி பாத்" என்று தலையாட்டினாள். மதுரைக்காரி பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

அன்று மத்தியானம் காட்டுப் பாதையில் நடந்தோம். காட்டுப்புறா ஜோடி ஒன்று தலைக்கு மேலே சிறகுச் சத்தத்தோடு கடந்து போனது. நண்டுகள், வெள்ளை மணல், ஆள் அரவமே இல்லாத கடற்கரை எல்லாம் பார்த்தோம். மற்ற இருவரும் ஆட்டம் போட, எனக்கு மட்டும் மனசு முழுக்கக் கடற்பசு. மறுநாள் காலையில் நீர் ஏறும்போது அது கடற்புல் மேய வரும் என்று மாமா சொல்லியிருந்தார்.

ஞாயிறு காலை மாமாவின் டுங்கியில் ஏறினோம். சின்னப் படகுதான், நாலு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். கடற்புல் இருக்கும் ஆழமில்லாத இடத்தில் மோட்டாரை நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. கால் மரத்துப்போனது. இந்தப் பக்கம் மகர் கிடையவே கிடையாது என்று மாமா அடித்துச் சொன்ன பிறகு நாலு பேரும் தண்ணீரில் இறங்கினோம். இடுப்பளவுதான் இருந்தது. போன் நனைந்துவிடக் கூடாதென்று எல்லார் போனையும் வாங்கி என் தண்ணீர் புகாத பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் பத்தடி தள்ளி, பழுப்பாக ஒரு முதுகு மேலே வந்தது.

"மகர்!" என்று முதலில் கத்தியது நான்தான். அவளுக்காக "முதலை!" என்று தமிழிலும் கத்தினேன். அப்புறம் ஓடினேன். இடுப்பளவுத் தண்ணீரில் ஓடுவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை குப்புற விழுந்தேன், உப்புத் தண்ணீரைக் குடித்தேன், ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. வங்காளித் தோழி "பாகோ, பாகோ" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். மகர் கிடையாது என்று அடித்துச் சொன்ன மாமா, லுங்கியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னாடியே கரையில் நின்றார்.

மதுரைக்காரி மட்டும் தண்ணீரிலேயே நின்றிருந்தாள். தலையைச் சாய்த்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய்! இதுக்கு மூஞ்சியெல்லாம் முடி இருக்குடி! முதலைக்கு முடி இருக்குமா?"

மூஞ்சியில் முடி இருப்பது கடற்பசுவுக்குத்தான் என்று விலங்கியல் பட்டதாரிக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்தடித்துத் திரும்பி ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கலங்கிய தண்ணீரும், புல்லை வேரோடு மேய்ந்துபோன நீளத் தடமும்தான் இருந்தன. வால்கூடத் தெரியவில்லை. படம் எடுத்தாயா என்று கேட்க வாயைத் திறந்தேன், தோளில் பை கனத்தது.

"ஏண்டி என்னைக் கூப்பிடல?" என்று அவள் மேல் பாய்ந்தேன்.

"எங்கிட்டுடி ஓடுற, வாடின்னு மூணு தரம் கூப்பிட்டேன். நீ நின்னாத்தானே?"

"முதலைன்னு கத்தினேனே, நீ ஏன் ஓடல?"

"எதுக்கு ஓடுறோம்னு பாத்துட்டு ஓடலாம்னு நின்னேன்" என்றாள்.

மாமாதான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லாரும் சிரித்தோம், நானும்தான். ஆனால் எனக்கு வயிற்றெரிச்சல். போட் கிளம்பும் நேரம் வரை அந்தத் தண்ணீரிலேயே விரல்கள் சுருங்க நின்றேன். அது திரும்பி வரவில்லை.

திரும்பும் போட்டில் அவளைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தேன். எவ்வளவு பெரிசு, தோல் எப்படி, மூச்சு விட்டபோது சத்தம் வந்ததா. அவளும் சலிக்காமல் சொன்னாள். கடைசியில், "அது உன்னைப் பார்த்துச்சா?" என்று கேட்டேன்.

"என்னை எங்க பாத்துச்சு? உன்னத்தான்டி பாத்துச்சு. நீ விழுந்து எந்திரிச்சு ஓடுனதை, மேயுறதை நிறுத்திட்டு, நீ கரையேறுற வரைக்கும் பாத்துச்சு."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கண்ணீரும் வந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"எப்படிப் பாத்துச்சு?" என்றேன். "இன்னொரு தடவை சொல்லு."