மூலையில் ஒட்டிய களிமண்

இன்று காட்டுமன்னார்கோயிலிலிருந்து சிதம்பரம் வரும் வழியில், ரோட்டோரம் ஒரு டிப்பர் லாரி பின்பக்கப் பாடியைத் தூக்கியபடி நின்றது. ஈரக் களிமண் ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. டிரைவர் மண்வெட்டியோடு உள்ளே ஏறிக்கொண்டிருந்தார்.

பஸ்சை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"யோவ், மண்ணு சரிஞ்சா உன்னையும் இழுத்துக்கிட்டுப் போவும். எறங்குய்யா!"

"தெனம் இப்படித்தான் மாமா. மூலையில புடிச்சிக்குது."

பிடிக்காமல் என்ன செய்யும்? லோடு ஜாஸ்தி ஏறும் என்று சதுர மூலை வைத்த இரும்புப் பெட்டியை வாங்கியிருக்கிறார்கள். அடியை வளைத்து, வழுக்கும் பிளாஸ்டிக் தகடு போட்டிருந்தால் மண் தானாகச் சரிந்திருக்கும். நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அவர் இறங்கும்வரை நகரவில்லை. பஸ் போய்விட்டது. பாடியைக் கீழே இறக்கி, இருவரும் சுரண்டினோம்.

டிரைவரின் போனை வாங்கி முதலாளியிடமே இதைச் சொன்னேன். கத்தினார்: "வண்டி என்னுது. உனக்கு என்னா அக்கறை, பெருசு?"

வண்டி அவருடையதுதான். உள்ளே ஏறுகிற ஆளின் உயிர்?

பதில் சொல்லுங்கள். சேற்றுச் சட்டையோடு அடுத்த பஸ்சுக்கு நிற்கிறேன், நேரம் இருக்கிறது.