மகனின் துப்பாக்கியும் என் கடவுச்சீட்டும்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்புக்கு அப்பால், காட்டோரத்துச் சுடுதளத்திலிருந்து வெடிச்சத்தம் கேட்கும். பன்னிரண்டு மணிக்கு நின்றுவிடும். மதிய உணவு முடிந்து ஒன்றரைக்கு மறுபடி தொடங்கும். துப்பாக்கிக்கும் உணவு இடைவேளை வைத்த இந்தச் சுவிஸ் நாட்டில் முப்பத்தாறு ஆண்டுகளாக வாழ்கிறேன். எங்கள் பூம்ப்ளிஸ் பகுதியில் அந்தச் சத்தத்துக்கு யாரும் தலை நிமிர்த்துவதில்லை. பூச்சாடிக்குத் தண்ணீர் விடுபவர் விட்டுக்கொண்டேயிருப்பார். நான் மட்டும் இன்னமும் சன்னலை விட்டுச் சுவரோரம் நகர்கிறேன்.

ஊரிலிருந்து தொலைபேசியில் பேசுகிறவர்கள் இந்த நாட்டுத் துப்பாக்கிகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். என்னோடு யாழ்ப்பாணத்தில் கணிதம் கற்பித்த சற்குணம், போன வருடம் ஒரு மணி நேரம் விசாரணை வைத்தார்.

"மாஸ்டர், உங்கை வீட்டுக்கு வீடு துவக்காமே, மெய்யோ?"

"எல்லா வீட்டிலையும் இல்லை. ஆமிக் கடமையிலை இருக்கிற பெடியள் வீட்டிலை வைச்சிருப்பினம்."

"குண்டும் குடுத்துவிடுவினமோ?"

"முந்திக் குடுத்தவை. இப்ப இல்லை."

"கடமை முடிஞ்சால்?"

"திருப்பிக் குடுக்கலாம். இல்லாட்டி அனுமதிப் பத்திரம் எடுத்து, காசு கட்டி, சொந்தமாக்கலாம். எங்கடை நிமலன் அப்பிடித்தான் வைச்சிருக்கிறான்."

"நல்ல காலம், இந்தச் சட்டம் எங்கடை ஊரிலை இல்லை. வேலிச் சண்டைக்கே ரெண்டு ஒழுங்கை சனமில்லாமல் வெறிச்சுப் போயிருக்கும்!"

இருவரும் சிரித்தோம். அப்போது நிமலன் உயிரோடு இருந்தான். இரண்டு மாதங்கள் கழித்து, முப்பத்தாறு வயதில், அலுவலகப் படிக்கட்டில் இதயம் நின்று விழுந்தான். எங்களுக்கு அவன் ஒரே பிள்ளை.

சற்குணம் கேட்காமல் விட்ட கேள்வியை அதன் பிறகு நானே படித்து அறிந்தேன். இறந்தவரின் துப்பாக்கி யாருக்குப் போகும்? வாரிசுக்கு. வாரிசு ஆறு மாதத்துக்குள் அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அல்லது உரிமையுள்ள வேறொருவரிடம் அதைச் சேர்ப்பிக்க வேண்டும். ஆனால் சில நாடுகளின் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. என் மனைவி றெஜினாவின் கடவுச்சீட்டும் என்னுடையதும் இலங்கைக் கடவுச்சீட்டுகள்.

அது எங்கள் தெரிவு. இன்னும் சரியாகச் சொன்னால், என் தெரிவு. நிமலன் தான் சுவிஸ் குடிமகனான பிறகு, ஒருமுறை எங்களுக்கான குடியுரிமை விண்ணப்பத்தை முழுவதும் நிரப்பிக் கொண்டுவந்து, "அப்பா, ஒப்பம் மட்டும் வையுங்கோ," என்றான். பிறகு பார்க்கலாம் என்றேன். மருத்துவமனைச் சமையலறையில் நான் இருபத்தெட்டு ஆண்டுகள் தட்டுக் கழுவிய நாட்டிடம் இன்னும் எதையோ ஒப்புக்கொடுக்காமல் வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு ஒருவகை மரியாதையாகத் தோன்றியது. அந்த மரியாதையின் விலை எனக்கு அப்போது தெரியாது.

றெஜினா துப்பாக்கியைக் கொடுக்கச் சம்மதிக்கவில்லை. ஆயுதத்தை வெறுத்து நாட்டை விட்டு வந்தவள், நிமலனின் அலுமாரியைப் பூட்டிச் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.

"இஞ்சருங்கோ, அது துவக்கில்லை. அவன்ரை சாமான்."

"சட்டத்துக்கு அது துவக்குத்தான்."

"சட்டமோ அவனைப் பெத்தது?"

ஆறாவது மாதத்தின் கடைசி வாரத்தில் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

நான் ஒரு தவறு செய்தேன். காவல் நிலையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருந்தால் அவர்களே வந்து பெற்றுச் சென்றிருப்பார்கள். அது எனக்குத் தோன்றவே இல்லை. துப்பாக்கியை றெஜினாவின் பழைய சேலையில் சுற்றி, சுருட்டிய பாயைப்போல அணைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஊரில், கரும்பலகைக்குக் கோடு போடும் மீற்றர் மட்டத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன ஒரு காலையில், சிப்பாய்கள் என்னை வீதியில் மண்டியிட வைத்தார்கள். அது வெறும் மரச்சட்டம் என்று தெரிய அரை மணி நேரம் எடுத்தது. அன்றிலிருந்து நீளமான எதையும் நான் வெளியே தெரியக் கொண்டுபோனதில்லை; குடையைக்கூட.

காவல் நிலைய முகப்பில் இருந்த இளம் பெண் அதிகாரி சேலையை அவிழ்த்ததும் பின்னுக்கு நகர்ந்தாள்.

"ஏன் இதை மறைத்துக் கொண்டுவந்தீர்கள்?"

"மற்றவர்கள் பயப்படக்கூடாது என்று."

"மறைத்துக் கொண்டுவந்தால்தான் இங்கே பயப்படுவார்கள்." சேலையின் கரையை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்: "பதிவில் உள்ள உரிமையாளர் ஏன் வரவில்லை?"

வழி முழுவதும் ஜெர்மன் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். அவற்றை விட்டுவிட்டு, மரணச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவள் எழுந்து, நின்றபடியே அதை வாசித்து முடித்தாள். பிறகு படிவத்தை நிரப்பினாள். ஒப்படைப்பவர்: தந்தை. குடியுரிமை: இலங்கை. ஆயுத உரிமை: இல்லை.

"நீங்கள் சுவிஸ் குடிமகனாக இருந்திருந்தால்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கடைசியில் துப்பாக்கியிலிருந்து தோள்வாரைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள். "இது ஆயுதமல்ல. இதை நீங்கள் வைத்திருக்கலாம்."

வீட்டில் றெஜினா வாரை இரு கைகளாலும் வாங்கி, உள்ளங்கையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, என் தோளில் மாட்டினாள். என்னைவிட ஒரு சாண் உயர்ந்தவனுக்கு அளவெடுத்த வார் இடுப்புக்குக் கீழே தொங்கியது.

"கொஞ்சம் சுருக்கிவிடட்டோ?"

"வேண்டாம். அவன்ரை அளவிலையே இருக்கட்டும்."

எந்த நாட்டுச் சட்டமும் தடுக்காத அந்த வெறும் வாரோடு, என்னுடையதல்லாத ஓர் உயரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அறை நடுவில் நின்றேன்.