சிங்கமும் தங்கமும், நான் எழுதிய நாலு வரியும்

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குக் கவிதை பிடிக்காது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். பிடிக்கும். உயிர். என் கவிதைதான் பிடிக்காது.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து பாருங்கள். காது குத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் பேனர். எந்தப் பேனரிலும் நாலு வரிக் கவிதை. அதை நின்று படிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியை ஓரங்கட்டி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, உதடு அசைய அசையப் படிக்கிறார்கள். எதுகை வந்து விழுந்தால் "பார்றா!" என்கிறார்கள். தெரிந்தவர் பேர் ஒன்று நடுவில் வந்துவிட்டால் போதும், பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் உலுக்கிக் காட்டுகிறார்கள். பேர் வர வேண்டும், எதுகை வர வேண்டும், அம்மா என்ற சொல் எங்காவது வந்தால் இன்னும் விசேஷம். இதில் ஒன்றுகூட என் கவிதைத் தொகுப்பில் கிடையாது.

தொகுப்பு வந்ததும் ஆபீசில் எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, வெட்கத்தை விட்டு, எதிர் மேசைக்காரரிடம் கேட்டேன். "அட்டை நல்லா கீது மேடம்" என்றார். உள்ளே? "உள்ளயும் நல்லாத்தான் இருக்கும்." பக்கத்து மேசைக்காரம்மா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்கதான் புக்கே போட்டவங்களாச்சே, எம் பொண்ணு மஞ்சத்தண்ணி பேனருக்கு நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்று ஆரம்பித்துவிட்டார். அடச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு. மனுஷி ராத்திரி பகலாகச் சொல்லைத் தேய்த்துத் தேய்த்து எழுதுவது இதற்குத்தானா?

இந்தக் கடுப்பெல்லாம் ஒன்றுசேர்ந்தது தம்பி மகளின் கல்யாணத்தில்.

அவள் திண்டிவனத்திலிருந்து வந்து, விழுப்புரத்தில் என் வீட்டில் தங்கித்தான் கல்லூரி படித்தாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நானும் அவளும்தான். யார் முன்னால் வந்தாலும் திறந்துகொள்ளட்டும் என்று சாவியைச் சமையலறை ஜன்னலின் உள்மூலையில் வைப்போம். வெளியிலிருந்து கை விட்டால் எட்டும். படிப்பு முடிந்து பி.எட். சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி அனந்தபுரத்தில் மாப்பிள்ளை பார்த்துவிட்டான். அவளும் சரி என்றுவிட்டாள். ஆனால் ஒருநாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "சரியா வரலன்னா இன்னா அத்தை பண்றது?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பியிடமிருந்து அவளுக்குப் போன் வந்துவிட்டது. அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்கவிடாமல் ஜவுளி, பத்திரிகை, பந்தல் என்று ஆளாளுக்கு அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, வாழ்த்து மடல் நீதான். ரெண்டு பேரோட பேருல மொதல் எழுத்த வெச்சி வரி ஆரம்பிக்கணும். சம்பந்தி பேரு வரணும். தாய்மாமன் பேர வுட்டுடாத, அப்புறம் பேஜாரு."

எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். வாழ்த்துப்பாவை அச்சடித்து, கண்ணாடி போட்டு, வரவேற்பு மேடையில் மைக்கில் படித்துவிட்டுப் பொண்ணு மாப்பிள்ளை கையில் கொடுப்பார்கள். சரிடா என்றேன். பேரெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டேன். உட்கார்ந்தபோது ஒரு பேரும் வரவில்லை. வந்தது இதுதான்:

நீ விட்டுப்போன பழைய செருப்பு
வாசலிலேயே இருக்கிறது.
சாவியும் அதே ஜன்னல் மூலையில்.
தட்ட வேண்டாம், திறந்து வா.

எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. இதைவிட நல்ல கவிதை நான் எழுதியதில்லை. யாருக்கும் காட்டாமல் விழுப்புரத்திலேயே அச்சடித்து, சுற்றிலும் பூ பார்டரோடு கண்ணாடி போட்டு, மண்டபத்துக்கு எடுத்துப்போனேன்.

மேடையில் பாட்டுக் கச்சேரி. அறிவிப்பாளர் பளபளக்கும் கோட்டில் இருந்தார். என் கையிலிருந்து ஃப்ரேமை வாங்கி, "மணப்பெண்ணின் அத்தை, கவிதாயினி, எழுதிய வாழ்த்து மடல்!" என்று முழங்கினார். அப்புறம் படித்தார், மனசுக்குள். முகம் சுருங்கியது. ஃப்ரேமைத் திருப்பிப் பின்பக்கத்து அட்டையைப் பார்த்தார். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"மேடம், பாதிதான் பிரிண்டாயிருக்கு. பேரே வரல. செருப்புன்னு வேற போட்டுட்டான் பிரஸ்காரன்."

"அவ்வளவுதாங்க. அப்படியே படிங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். "வுடுங்க மேடம், நான் சமாளிச்சிக்கிறேன்" என்றார். நான் கை நீட்டுவதற்குள் ஃப்ரேமைப் பார்த்துப் படிப்பது போலவே கணீரென்று எடுத்தார்:

"அனந்தபுரத்துச் சிங்கம் வந்தது, திண்டிவனம் ஒரு தங்கம் தந்தது! சிங்கமும் தங்கமும் சேர்ந்தது பாரு, சீக்கிரம் தொட்டிலில் சூட்டுங்க பேரு!"

மண்டபமே அதிர்ந்தது. விசில். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கை கழுவாமல் எட்டிப் பார்த்தவர்கள்கூட உண்டு. மாப்பிள்ளையின் நண்பர்கள் மறுபடி கேட்டார்கள், மறுபடி சொன்னார், இன்னும் பெரிய விசில். ஃப்ரேமைக் கையில் வாங்கிக்கொண்ட பொண்ணு தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொள்ளாத ஆள் இல்லை. "பின்னிட்டீங்க!" "இதான்மா கவித!" அட்டை நன்றாக இருப்பதாகச் சொன்ன எதிர் மேசைக்காரர் ஓடிவந்து, "மேடம், இத அந்த புக்குல போட்டிருக்கலாமே" என்றார்.

தம்பிக்குக் கண்ணில் தண்ணியே வந்துவிட்டது. "அக்கா, இப்பதான்க்கா நீ கவிஞரு."

"டேய், அத நான் எழுதலடா."

"சும்மா அடக்கமா பேசிக்கினு இருக்காத. போய் சாப்புடு."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல வேண்டியவளுக்குச் சொல்லவில்லை, ஊருக்கெல்லாம் தொட்டில் கட்டிவிட்டு வந்தாயிற்று.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து அனந்தபுரம் போனேன். மாமியார்க்காரம்மா வாய் நிறைய வரவேற்று, அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தட்டில் கொட்டினார். ஹாலில் ஒரு புது ஆணி மட்டும் தனியாக அடித்திருந்தது. அவரே விஷயத்துக்கு வந்தார்.

"கண்ணாடிக்குள்ள அந்தச் சிங்கம் தங்கம் பாட்ட காணமேங்க. வர்றவங்கல்லாம் கேக்கறாங்க. எழுதிக் குடுங்க, பேரும் சேத்து. ஜல்தியா மாட்டிடலாம்."

எழுதிக் கொடுத்தேன். என்ன செய்ய? ஒரு சொல் பிசகாமல் வந்தது, சனியன். நான் நாள் கணக்கில் தேய்த்து எழுதியதெல்லாம் மறந்துபோகிறது, அந்த ஆள் ஒரு நிமிஷத்தில் கட்டியது நாக்கிலேயே நிற்கிறது. அந்தம்மா படித்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இனிமே இவளுக்குப் படிப்பு எதுக்கு, தொட்டில்தான" என்று சொல்லிவிட்டுத் தாளை மகனிடம் காட்ட எழுந்து போனார்.

நான் தம்பி மகளிடம் திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. "நான் எழுதினது எங்கடி?"

"பீரோவுல இருக்கு அத்தை. பொடவைக்கு அடியில."

"புரியலையா உனக்கும்?"

அவள் மல்லாட்டைத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். "புரிஞ்சிது அத்தை. அதான் ஹால்ல மாட்டல."

உள்ளே அந்தம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் உரித்த பருப்பை என் தட்டில் வைத்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"சாவி இன்னும் அங்கதான வெக்கிறீங்க?"

"அங்கதான்" என்றேன்.

இத்தனை வருஷத்தில் என் கவிதையை ஒரு எழுத்து விடாமல் புரிந்துகொண்ட முதல் ஆள் அவள்தான். எனக்குத் துளி சந்தோஷம் வரவில்லை. விழுப்புரம் பஸ்ஸில் வழி முழுக்க, புரியவில்லை அத்தை என்று அவள் சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, என் பையிலிருந்த இன்னொரு சாவியால் கதவைத் திறப்பதற்கு முன்னால், பின்பக்கம் போய் ஜன்னலில் கை விட்டு மூலையைத் தடவிப் பார்த்தேன். இருந்தது.