தடியும் பேசியும்

கைப்பிடி இல்லாத ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவின் அறையில் கிடந்தது. எதையும் பிடிக்காமல் என் மாமி அதிலிருந்து எழுந்து காட்ட வேண்டும். மாமிக்குக் குடலில் புற்றுக்கட்டி. எழுந்தால்தான் ஆப்பரேஷனுக்கு நாள் குறிப்பார்கள். முன்னால் சாய்ந்தாள், மூச்சைப் பிடித்தாள், முடியவில்லை. பக்கத்தில் நின்ற மாமா பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டார்.

செங்கல் என்ற ஊருக்குப் பக்கம் எங்கள் ஊரில் உடம்புப் பருமனைத் தடி என்போம். கட்டி என்று தெரிந்ததும் வந்து ஜெபித்த சபைக்காரர்கள் எல்லாரும், "அவளுக்கு நல்ல தடி உண்டு, தாங்குவா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதை நம்பினேன். முதல் தடவை ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மாவோ மலையாளத்தில், "தடியுண்டு, பேசியில்ல" என்றார். பேசி என்றால் தசை. மாமா, "இவளுக்கா பேச்சில்ல? வாய் ஓஞ்சாத்தானே!" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. கொழுப்புக்கு அடியில் தசை கரைந்துவிட்டது, இரத்தத்தில் நீரும் காட்டுகிறது, இப்படியே வெட்டினால் புண் ஆறாது, படுக்கையிலேயே கிடந்துவிடுவாள் என்று பொறுமையாகச் சொன்னார்.

அவர் நீர் என்றது உள்ளே இருக்கும் அழற்சியை. எங்கள் ஊரில் நீர் என்றால் வீக்கம். வீக்கம் என்றால் பத்தியம். மாமா அன்றே மீனையும் முட்டையையும் நிறுத்தினார். கஞ்சியும் சுட்ட பப்படமும்தான். மாமி தண்ணீர் குடிக்க எழுந்தாலும், "நீ இரி, நான் எடுத்துட்டு வாறேன்" என்று ஓடினார். அப்படிப் பார்த்துப் பார்த்துக் கவனித்ததில் இருந்த கொஞ்சம் தசையும் போயிற்று. நாற்காலியில் தோற்ற அன்று டாக்டரம்மா நன்றாகவே திட்டினார். தசை கரைவதே பட்டினியாலும் படுக்கையாலும்தான், மீன் கொடுங்கள், நடக்க விடுங்கள், கையை மட்டும் கொடுக்காதீர்கள் என்றார்.

திரும்பும்போது நான்தான் வண்டி ஓட்டினேன். நெய்யாற்றின்கரை வந்ததும் மாமா, "அப்பம் நானாக்கும் இவளக் கொல்லப் பாத்தது" என்று அழுதார். பின்சீட்டிலிருந்து மாமி, "நான் சாகல்ல மனுசா. எலே மக்கா, வண்டிய நிறுத்து, சந்தையில சாளை மீனு இருக்கும்" என்றாள்.

சாளையும் முட்டையும் தின்று, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே முனகிக்கொண்டே நடந்து, அடுத்த பரீட்சையில் மாமி ஜெயித்தாள். கட்டியை எடுத்தார்கள். மறுநாளே நர்ஸ் வந்து கட்டிலைவிட்டு இறங்கச் சொன்னாள். மாமிக்கு உயிர்போகிற வலி. "ஒரு கை தாருங்க" என்றாள். மாமா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "தரமாட்டேன்" என்றார். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. மாமி அவரை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே எழுந்தாள், நின்றாள், கதவைப் பார்த்து நடந்தாள். மாமா மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.